சக்களத்தித் தேக்கு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

நீயும் மருமகளும் வாண்டும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுத உட்கார்ந்திருக்கிறேன். இங்கே நாங்களும் நலம்தான். உன் அப்பா பக்கத்தில் இருந்திருந்தால் "மூணு பேரும் நலம்னு எழுது" என்று சொல்லியிருப்பார். மூன்றாவது ஆள் யார் என்று உனக்கே தெரியும். என் தையலறை ஜன்னலை ஒட்டி நின்றுகொண்டு, என் மெஷினுக்கு வர வேண்டிய காலை வெயிலையெல்லாம் தானே குடிக்கிறதே, அந்தத் தேக்கு. போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போன் வந்தால் அவர் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார், நான் சாப்பிட்டாயா என்று கேட்பதற்குள் மரத்தின் கதையை ஆரம்பித்துவிடுகிறார், நீயும் "அப்படியாப்பா, அப்படியாப்பா" என்று கேட்டுக்கொண்டிருக்கிறாய். போன வாரம் "ஏம்மா ஒரு மாதிரி பேசுறீங்க" என்று கேட்டாயே, அதற்கான பதில் அவர் காதில் விழக்கூடாத பதில். அவர் இப்போது உரம் வாங்கப் போயிருக்கிறார். யாருக்கு உரம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நீ இரண்டு பேரையும் ஆறு மாதம் வந்து இருக்கச் சொல்லி, இந்த மாதக் கடைசிக்குள் டிக்கெட் போட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறாய். அவர் "அதை விட்டுட்டு எப்படி வர்றது" என்றார். ஒரு டிக்கெட்டா இரண்டா என்பதைக் கடைசியில் சொல்கிறேன். நடுவில் இருப்பதைப் படிக்காமல் கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே, சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தப் பழக்கம்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அந்த மரத்தின் மேல் பொறாமை. உன் அத்தையிடம் ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன், "மரத்து மேல போய் யாராவது பொறாமைப்படுவாங்களா அண்ணி" என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் வீட்டுக்காரர் காலையில் எழுந்ததும் முதலில் மரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு அதன் பிறகு பல் தேய்க்கிறவராக இருந்தால் தெரியும். இந்த வயதில் எனக்கு ஒரு சக்களத்தி, அதுவும் பட்டை போட்ட சக்களத்தி. மனுஷியாக இருந்தாலாவது எதிரே நிற்க வைத்து நாலு வார்த்தை கேட்டிருப்பேன். இதனிடம் என்ன கேட்பது?

நீ பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருஷம் கட்டைவிரல் தடிமனில் இரண்டு வேர்க்கட்டைகளை ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து நட்டார், நினைவிருக்கும். ஒன்று பட்டுப்போனது, மற்றது இது. மரச்சாமான் தொழிற்சாலையின் ஸ்டோரில் முப்பது வருஷம் உட்கார்ந்து ஊரார் வீட்டுக் கதவுக்கும் கட்டிலுக்கும் பலகை எடுத்துக் கொடுத்தவர், நம் வீட்டுக்கு ஒரு முக்காலிகூட அங்கிருந்து வந்ததில்லை. அந்த ஏக்கத்தில் நட்டார் என்று நானும் அப்போது சும்மா இருந்தேன். தண்ணீர் ஊற்றியதுகூட நான்தான். உன் துணி துவைத்த தண்ணீரெல்லாம் அதன் தலையில்தான் போயிற்று. நன்றி கெட்ட ஜென்மம்.

அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு முற்றிவிட்டது. வீட்டுக்கு யார் வந்தாலும் அவர்களைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போகாமல் விடமாட்டார். சிலிண்டர் போட வருகிறவர் தோளில் சுமையோடு நிற்கிறார், இவர் "கப்பல் தளம் எதுல போடுறாங்கன்னு நினைக்கிறீங்க, தேக்குலதான். உப்புத் தண்ணியும் வெயிலும் மாத்தி மாத்தி அடிச்சாலும் முறுக்காது, வெடிக்காது. உள்ளயே எண்ணெய் இருக்கு, வெளிய இருந்து யாரும் தடவ வேண்டாம்" என்று தொடங்குகிறார். கரையான் வாய் வைக்காதாம். ஆணி அடித்தால் ஆணி துருப்பிடிக்காதாம். அமிலம் கொட்டினாலும் அசையாது என்பதால் ஆய்வுக்கூடத்து மேசைகளை இதில்தான் செய்வார்களாம். அறுத்த புதிதில் பச்சையும் பழுப்புமாக ஒரு மாதிரி இருக்குமாம், காற்றுப் பட்டால் தங்கமாக மாறிவிடுமாம். கதவு, ஜன்னல், படகு, பாலத்துக் கால், ரயில் பெட்டி, இலையில் பொட்டலம் கட்டலாம், கூரை வேயலாம், இலையைக் கசக்கினால் சாயம், காய்ந்த இலை பாத்திரம் தேய்க்க, தூளைக்கூடத் தூக்கி எறிய வேண்டாம் அடுப்புக்கு ஆகும். அந்தச் சிலிண்டர்காரர் இப்போதெல்லாம் வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டு மணியடித்து ஓடிவிடுகிறார். உள்ளே உருட்டிக்கொண்டு வருவது நான்.

குறை என்று ஒன்று சொல்லமாட்டாரா என்று கேட்டுக்கொண்டிருப்பேன். குறையையும் பெருமையாகவே சொல்வார். உள்ளே நைசான மணல் மாதிரி என்னவோ இருப்பதால் ரம்பத்தின் பல்லை மழுக்கிவிடுமாம், "லேசுல அறுபடுமா" என்று ஒரு சிரிப்பு. எண்ணெய் இருப்பதால் பசை சட்டென்று ஒட்டாதாம், முதலில் துடைத்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டுமாம், "அதுக்குன்னு ஒரு மரியாதை இருக்குல்ல" என்கிறார். நான் ஒரு நாள் கோபத்தில், இதை வெட்டினால்தான் எனக்கு விடிவு என்றேன். கொஞ்சமும் கோபப்படாமல், "வெட்டினாலும் அடியிலேர்ந்து துளிர்க்கும், தேக்கோட குணம் அது" என்றார். பார்த்தாயா? வெட்டினாலும் போகாது. வெயில் காலத்தில் நிழல் வேண்டும் என்று நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும்போது இலையை எல்லாம் உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும், மழைக் காலத்தில் வெளிச்சமே இல்லாதபோது தட்டுத் தட்டாக இலையை விரித்துக்கொண்டு ஜன்னலை அடைக்கும். அதைக் கேட்டால், தண்ணீரைச் சிக்கனம் பண்ணுகிறதாம், அவ்வளவு புத்தியாம். நான் வெளிச்சத்தைச் சிக்கனம் பண்ணி இருட்டில் ஊசி கோத்தால் அது புத்தியில்லை, கண் போய்விட்டது.

எனக்கும் பயன் இல்லையா என்ன? பட்டியல் நானும் போடுவேன். வாயில் ஏழு குண்டூசி வைத்துக்கொண்டு போனில் பேசுவேன். ஆஸ்பத்திரிக்கு வெள்ளைக் கோட்டு, பள்ளிக்கூடத்துக்குச் சீருடை, பஸ் கண்டக்டருக்குக் காக்கி, எல்லாம் இந்தக் கை தைத்ததுதான். உன் படிப்பில் பாதி பொத்தானுக்குக் காஜா எடுத்த காசில் வந்தது. மழையிலும் வெயிலிலும் நானும்தான் முறுக்காமல் நிற்கிறேன். யாராவது சிலிண்டர்காரரைக் கூப்பிட்டு என்னைக் காட்டினார்களா? என் வெட்டு மேசை அழுத்தின தூள்பலகையில் செய்தது, மழை வந்தால் ஊறிப் பொரிப்பொரியாகக் கிளம்பும், துணி அதில் மாட்டி இழுக்கும். ஜன்னலுக்கு வெளியே அவ்வளவு பெரிய தேக்கு, ஜன்னலுக்கு உள்ளே இந்த மேசை. ஒரு மேசைக்கு மட்டும் ஒரு கிளையைக் கொடுங்கள் என்று கேட்டேன். கிளையில் வெறும் வெள்ளைக்கட்டைதான் இருக்கும், அதைக் கரையான் தின்னும், வைரம் பாய்ந்த நடு மரம்தான் மரம், அதற்கு இன்னும் பத்து வருஷம் ஆகும் என்றார். பத்து வருஷத்துக்கு முன்பும் இதையே சொன்னார். இன்னும் பத்து வருஷத்தில் நான் அந்த மேசையில் தைக்கவா போகிறேன், படுக்கத்தான் போகிறேன்.

இந்த மழையின் ஆரம்பத்தில் இரண்டு விஷயம் நடந்தது. தலைமை நர்ஸுக்கு ஆறு வெள்ளைக் கோட்டு தைத்து, கஞ்சி போட்டு, பின்பக்கக் கொடியில் காயப் போட்டிருந்தேன். காற்றில் நாலைந்து இளந்தளிர் ஒடிந்து கோட்டின் மேல் விழுந்து நசுங்கி, தோள்பட்டையில் ரத்தம் மாதிரி சிவப்பு. தேக்கிலையின் சாறு அப்படித்தான், சோப்புக்கும் போகாது. நர்ஸ் போடுகிற வெள்ளைக் கோட்டில் ரத்தக் கறையோடு எப்படிக் கொடுப்பது? நான் அழாத குறையாக நிற்கிறேன், இவர் கோட்டைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, "என்ன நிறம் பாத்தியா, இது கடையில கிடைக்காது" என்றார். இன்னொன்று அந்தப் புழு. நூல் விட்டுத் தொங்கிக்கொண்டு வருமே, பத்தே நாளில் இலையை எல்லாம் தின்று நரம்பை மட்டும் வைத்துவிட்டது. உண்மையைச் சொன்னால் பார்க்க அழகாக இருந்தது, அப்படி ஒரு லேஸ் வேலை என் கையால் வராது. ஆனால் இவர் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். என் நூல் பிரிக்கிற இடுக்கியை எடுத்துக்கொண்டுபோய் ஏணி போட்டு ஒவ்வொன்றாகப் புழு பொறுக்கினார். போன வருஷம் எனக்கு நூற்று மூன்று காய்ச்சல் அடித்தபோது "ஒரு மாத்திரை போட்டுப் படு" என்றவர் அவர். மறுபடி தளிர் விட்டபோது வீட்டில் ஒரே சிரிப்பு.

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி மரத்தின் சுற்றளவை எடுத்து டைரியில் எழுதுவது அவர் வழக்கம், அதற்கு என் இஞ்ச் டேப்தான். என்னிடம் இரண்டு டேப் உண்டு, ஒன்று எண்கள் தேய்ந்த பழையது, ஒன்று பழக்கமான நல்லது. நல்லதைத்தான் எடுப்பார். மழை தொடங்கியபோது முட்டி வலி என்று, மாதாமாதம் மரத்தைச் சுற்றி வருவதற்குப் பதிலாக, அந்த நல்ல டேப்பை மரத்தின் நெஞ்சு உயரத்தில் இறுக்கிச் சுற்றி நூலால் முடிச்சுப் போட்டு அங்கேயே விட்டுவிட்டார், முதல் தேதி வந்தால் முடிச்சை இழுத்து இறுக்கி எண்ணைப் பார்த்துக்கொள்வார். நான் தேய்ந்த டேப்பில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வேலை பார்க்கிறேன், அது என் டேப்பை ஒட்டியாணம் மாதிரி கட்டிக்கொண்டு நிற்கிறது. நாலு மாதம் பொறுத்தேன். ஒரு நாள் அவர் கடைக்குப் போன சமயம் பார்த்து நேராகப் போய் அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டேன். சந்தேகம் வராமல் இருக்கத் தேய்ந்த டேப்பை அதே மாதிரி சுற்றிக் கட்டினேன். ஆமாம், திருட்டுத்தனம்தான். என் பொருளை நான் திருடினேன். அன்றைக்கு அந்த டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மெஷினில் உட்கார்ந்தபோது எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, புதுத்துணி கட்டினபோதுகூட வந்ததில்லை.

அந்தச் சந்தோஷத்திலேயே, எனக்கு ஒரு கவுன் தைத்துக்கொள்ளலாம் என்று என் அளவை எடுத்தேன். மார்பில் ஒரு அங்குலம் குறைவு. இடுப்பில் ஒரு அங்குலம். இடுப்புக்குக் கீழே சீட்டில் ஒன்றேகால். மற்றவர்களுக்கு ஒரு அங்குலம் என்பது ஒன்றுமில்லை, தையல்காரிக்கு அது வேறு ஆள். மறுநாள் எடுத்தேன், அதே. மூச்சை இழுத்துப் பிடித்து எடுத்தேன், விட்டு எடுத்தேன், அதே. உன் பெரியம்மாவை நினைத்துக்கொண்டேன். அக்காவுக்கும் முதலில் ஒன்றும் தெரியவில்லை, துணி தொளதொளவென்று ஆகிறது, பிடித்துத் தைத்துக் கொடு என்று என்னிடம்தான் வந்தாள், நானும் சிரித்துக்கொண்டே பிடித்துத் தைத்துக் கொடுத்தேன், எட்டு மாதத்தில் போய்விட்டாள். அதன் பிறகு எனக்கு நான் போட்டிருக்கிற துணியெல்லாம் தொளதொளவென்றுதான் தெரிந்தது. கண்ணாடியில் கன்னம் ஒட்டினதாகத் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகவும் பயம், அங்கே எல்லோரும் என் கோட்டுதான் போட்டிருக்கிறார்கள், ஒரு மணி நேரத்தில் ஊருக்கே தெரியும். உன்னிடம் போனில் ஒரு மாதிரி பேசினேன் என்றாயே, அது இந்த நாட்களில்தான்.

அந்த வாரமே முதல் தேதியும் வந்தது. உன் அப்பா டைரியோடு பின்பக்கம் போனவர் அங்கிருந்தே கத்தினார். மழை முழுக்க மரம் வளரவே இல்லை என்று வாடிக்கொண்டிருந்தவர். வளராதது மட்டுமா, நாற்பத்தேழில் இருந்தது மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி நாற்பத்தாறுக்கே வந்திருந்தது, புழு தின்றதால் மரம் இளைத்துவிட்டது என்று கிடைத்த உரத்தையெல்லாம் கொட்டிக்கொண்டிருந்தார். இப்போது ஒரே மாதத்தில் நாற்பத்தேழேகால். "ஒண்ணேகால் அங்குலம்! ஒரே மாசத்துல ஒண்ணேகால்!" என்று தெரு வரைக்கும் கேட்டது. எதிர்வீட்டுக்காரரைக் கூட்டி வந்து காட்டினார். உனக்கும் அன்றைக்கே போன் போட்டுச் சொன்னாரே. நான் சமையலறையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். எனக்குக் குறைந்ததும் ஒன்றேகால், அதற்குக் கூடியதும் ஒன்றேகால். என்னிடமிருந்து எடுத்து அதற்கு ஊற்றின மாதிரி. பைத்தியக்கார எண்ணம் என்று நீ சொல்வாய், ஆனால் அந்த நிமிஷம் எனக்கு அப்படித்தான் பட்டது. அதைவிடப் பெரிது, மரம் ஒன்றேகால் கூடினது அவருக்கு அதே நாளில் தெரிந்துவிட்டது, பெண்டாட்டி ஒன்றேகால் குறைந்தது இன்னும் தெரியவில்லை. தெரிகிறதா பார்ப்போம் என்று எதிரிலேயே நடமாடினேன். டீயைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றேன். "சக்கரை பத்தல" என்றார்.

இதற்கிடையில் தொழிலிலும் அடி. தலைமை நர்ஸ் புதுக் கோட்டு தொளதொளவென்று இருக்கிறது என்று திருப்பிக்கொண்டு வந்தார். அளவெடுத்துப் பார்த்தால் அவரும் முன்பைவிட ஒரு அங்குலம் குறைந்திருந்தார், "மெலிஞ்சுட்டீங்க சிஸ்டர்" என்றேன், அந்த அம்மாவுக்கு வாயெல்லாம் பல். பள்ளிக்கூடத்து ஆசிரியை வந்தார், அவரும் குறைந்திருந்தார். ஊருக்கே ஏதோ வந்துவிட்டது என்று நினைத்தேன். கடைசியில் கண்டக்டர் வந்தார். சட்டைக்குள் இன்னொரு ஆள் நுழையலாம் என்றார். நீங்களும் மெலிந்திருக்கிறீர்கள் என்று டேப்பைக் காட்டினேன். "அக்கா, ஆறு மாசத்துல பெல்ட்டுல ரெண்டு ஓட்டை வெளிய போட்டிருக்கேன், நான் மெலிஞ்சிருக்கேன்னு சொன்னா என் பெல்ட்டே சிரிக்கும்" என்று வயிற்றைத் தட்டிக் காட்டினார். அவர் போன பிறகு அளவு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தேன். புதிதாக வந்து அளவு கொடுத்தவர்கள் ஒருவர்கூடத் திருப்பிக் கொண்டுவரவில்லை. நோட்டில் இருந்த பழைய அளவை வைத்து வெட்டின துணிகள் மட்டும்தான் பெரிதாகப் போயிருந்தன. இரண்டடி இரும்பு ஸ்கேலை மேசையில் வைத்து, டேப்பை அதன் மேல் நீட்டினேன். இரண்டு ஸ்கேல் நீளத்துக்கு நாற்பத்தெட்டு காட்ட வேண்டும், டேப் நாற்பத்தாறே முக்கால் காட்டியது. நாலு மாதம் மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து, இறுக்கிக் கட்டினதில் இழுபட்டு, என் டேப் நீண்டுபோயிருக்கிறது. நீண்ட டேப் எதைச் சுற்றினாலும் குறைத்துத்தான் காட்டும், அதை வைத்துத் துணி வெட்டினால் பெரிதாகத்தான் வரும். நான் மெலியவில்லை. மரமும் முதலில் இளைக்கவில்லை, பிறகு ஒரே மாதத்தில் பருக்கவும் இல்லை. டேப்பை மாற்றினது நான்.

அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். உயிர் திரும்பி வந்த அழுகை. பிறகு டேப்பையும் ஸ்கேலையும் எடுத்துக்கொண்டு நேராக அவரிடம் போனேன், திருடினதையும் மறைக்காமல், பெரியம்மாவை நினைத்துப் பயந்ததையும் மறைக்காமல், ஒரு மாதமாக நான் பட்டதை எல்லாம் மூச்சுவிடாமல் கொட்டினேன். எல்லாவற்றையும் கேட்டார். டேப்பை வாங்கினார், ஸ்கேல் மேல் வைத்துப் பார்த்தார், மனசுக்குள் கணக்குப் போட்டார். பிறகு முகம் தொங்கிப்போய் ஒன்று கேட்டார். "அப்போ அது வளரலையா?"

நான் என்ன எழுத? நீயே நினைத்துப் பார். கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷம். செத்துவிடுவேனோ என்று பயந்தேன் என்று சொல்கிறேன், மரம் வளரவில்லையா என்று கேட்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில், கால் அங்குலம் வளர்ந்திருக்கிறது, போய்க் கட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள், நான் என் மகனிடம் போகிறேன், நீங்களும் அதுவும் நன்றாக இருங்கள் என்று சொல்லிவிட்டுப் பெட்டியை இறக்கிவிட்டேன். மூன்று நாள் பேச்சு இல்லை. அவரும் சமாதானத்துக்கு வரவில்லை, சமாதானம் பேச அவருக்குத் தெரியவும் தெரியாது, தெரிந்ததெல்லாம் கன அடிதான்.

நாலாம் நாள் காலையில் நடந்ததைச் சொல்கிறேன். சமையலறையில் பிரிட்ஜுக்கும் கதவுக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டுக்கொண்டுதான் அவர் பேப்பர் படிப்பார், நான் துணிக்கூடையோடு பின்பக்கம் போக வேண்டுமென்றால் அவர் நகர்ந்தால்தான் வழி. அன்றைக்கும் போனேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே நாற்காலியை நகர்த்தினார், நான் தாண்டிப் போகும்போது, பேப்பரைப் பார்த்துக்கொண்டே, "நீ ஒண்ணும் மெலியல. மெலிஞ்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றார். பேசக்கூடாது என்றுதான் இருந்தேன், ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை, எப்படித் தெரிந்திருக்கும், என்னை எந்த முதல் தேதி அளந்தீர்கள் என்று கேட்டுவிட்டேன். "இந்த பிரிட்ஜ் வந்ததுலேர்ந்து நீ போறதுக்கு நாலு விரல் நகர்றேன். போன மாசமும் நாலு விரல்தான். நீ குறைஞ்சிருந்தா மூணு போதுமே" என்றார். கையை வேறு நீட்டி நாலு விரலைக் காட்டினார். அக்கா இறந்துபோன வருஷம் நான் சரியாகச் சாப்பிடாமல் இருந்தபோது மூன்று விரல் போதுமாக இருந்ததாம், அப்போது அவருக்குப் பயமாக இருந்ததாம், யாரிடமும் சொல்லவில்லையாம். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். "மரத்துக்கிட்ட அளவைச் சொன்னா அது கோவிச்சுக்காது, உங்கிட்ட சொன்னா நான் இந்த வீட்டுல இருக்க முடியுமா?" என்றார். பிரிட்ஜ் வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது, கணக்குப் பண்ணிக்கொள்.

நான் கூடையோடு கொடிக்குப் போய், துணியைக் காயப் போடாமல் ரொம்ப நேரம் நின்றேன். கோபம் போய்விட்டது என்று நினைத்துவிடாதே. போகவில்லை. நாலு விரலை மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, நாற்பத்தேழேகாலைத் தெரு முழுக்கக் கத்தினாரே, அதை எப்படி மறப்பது? அந்தத் தேக்கு பக்கத்தில் நின்றது. இப்போதும் எனக்கு அதைப் பிடிக்கவில்லை. ஆனால் அடிமரத்தில் கையை வைத்துப் பார்த்தேன், உன் அப்பா எதைத் தொடுகிறார் என்று தெரிந்துகொள்ளத்தான். சொரசொரப்பாக இருந்தது, வேறு ஒன்றும் இல்லை.

உனக்குச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். மருமகளிடம் எதைக் கவனித்தாலும் வாய்விட்டுச் சொல். முடி வெட்டிக்கொண்டால் சொல், முகம் வாடியிருந்தால் சொல், கோவித்துக்கொண்டாலும் பரவாயில்லை, அன்றைக்கே சொல்லிவிடு. உங்கள் வம்சத்து ஆண்களுக்கு இதை யாராவது ஒருத்தி சொல்லித்தான் ஆக வேண்டும். வாண்டுக்கு ஒரு கவுன் தைத்து வைத்திருக்கிறேன், அளவு சரியாக இருக்குமா தெரியவில்லை, அங்கே வந்து போட்டுப் பார்க்கிறேன். உனக்கு இருமல் இருப்பதாக மருமகள் சொன்னாள், குளிர்ந்த தண்ணீரைக் குடிக்காதே, ஈரத் தலையோடு வெளியே போகாதே.

டிக்கெட்டைப் பற்றி. நேற்று உன் அப்பா தானாகவே வந்து, "நானும் வரட்டுமா" என்று கேட்டார். மரத்தை யார் பார்ப்பது என்றேன். எதிர்வீட்டுக்காரர் பார்ப்பார் என்றார், சொல்லும்போதே கண் ஜன்னல் பக்கம் போயிற்று. அதைப் பார்த்த பிறகுதான் முடிவு பண்ணினேன். ஒரு டிக்கெட் போடு. எனக்கு மட்டும். அவர் இங்கேயே இருக்கட்டும், அந்த நாற்காலியை யாருக்காகவும் ஒரு விரல்கூட நகர்த்தாமல் ஆறு மாதம் நிம்மதியாகப் பேப்பர் படிக்கட்டும். அவருடைய தேக்குக்கு எத்தனையோ குணம் இருக்கலாம், கப்பலில் போகலாம், பாலத்தில் நிற்கலாம். ஆனால் அது அவரை விட்டுப் போகாது, அதற்குக் கால் இல்லை. எனக்கு இருக்கிறது. முப்பத்தைந்து வருஷமாக அதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

நீயும் மருமகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நூறு வருஷம் நல்லபடி இருங்கள், வாண்டு எந்தப் பயமும் தெரியாமல் வளரட்டும். ஜன்னல் ஓரத்து இருக்கை கிடைத்தால் போடு, மறந்துவிடாதே.

உன்னைப் பார்க்கக் கிளம்பிவிட்ட,
அம்மா